மழைமானியை விடுமுறையில் யார் பார்ப்பது? (தரம் 7 வானிலைக் கொப்பி)

நாவற்கொப்பி:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 7 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன தவணை தொடங்கியதும் வகுப்புக்கு ஒரு வானிலைக் கொப்பி போட்டோம். சோடாப் போத்தலை வெட்டி ஒரு மழைமானி, தகரத்தில் வெட்டிய ஒரு காற்றுத்திசைகாட்டி, ரவுணில் வாங்கிய சாதாரண வெப்பமானி ஒன்று, அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு பேர் முறை வைத்துப் பார்த்து வகுப்பில் சொல்ல வேண்டும், எல்லோரும் தங்கள் கொப்பியில் எழுத வேண்டும்.

ஒரு மாதம் முடிய கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வடிவான எழுத்து, கோடு போட்ட அட்டவணை, ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. ஆனால் வெப்பநிலை எல்லா நாளும் 30, 31, 30, 31. அரைப் பாகை எங்குமே இல்லை. மழை என்றால் 5 அல்லது 10. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை கொட்டி வகுப்புக்குள் தண்ணீர் வந்து நாங்கள் வாங்குகளைத் தூக்கி வைத்தது எனக்கு நல்ல நினைவு, அந்தச் செவ்வாயும் அடுத்த புதனும் கொப்பியில் 'மழை இல்லை'. ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் வாசிப்பு எழுதியிருந்தார்கள், அன்று பாடசாலைப் படலைக்குப் பூட்டு.

பிள்ளைகளை ஏச எனக்கு வாய் வரவில்லை. முழுதாக நிரப்பின கொப்பிக்கு முழுப் புள்ளி என்று சொன்னது நான்தான். அவர்கள் நான் கேட்டதைத் தந்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். உண்மையாக எழுதப் பழக்குவது எப்படி? அடுத்தது, எங்களுக்கு மழை வருவதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். மார்கழியில் விடுமுறை. கார்த்திகையில் தாழமுக்கம், புயல் என்று எச்சரிக்கை வந்தால் அப்போதும் பாடசாலை மூடுவார்கள். ஆகப் பார்த்தால் மழை பெய்யாத மாதங்களை ஒழுங்காகப் பதிந்துவிட்டு, மழை பெய்யும் நாட்களில் மழைமானியைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோம். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய புவியியல்:
ரீச்சர், அந்தக் கொப்பிகளை எறிந்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும். நான் நீண்ட காலம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிள்ளை பொய் எழுதுவது பெரும்பாலும் கட்டம் வெறுமையாகக் கிடந்தால் ஏச்சு விழும் என்ற பயத்தில். அதனால் முதலில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவதற்கு ஒரு மரியாதை கொடுங்கள்.

மழைப் பத்தியில் நான் இப்படித்தான் எழுதுவிப்பேன். போய்ப் பார்த்தோம், ஒரு துளியும் இல்லை என்றால் 0.0. போய்ப் பார்த்தோம், போத்தலின் உட்புறம் நனைந்திருக்கிறது ஆனால் அளக்க முடியவில்லை என்றால் 'சுவடு'. போகவில்லை என்றால் 'பா.இ.', பார்க்கவில்லை. வெள்ளிக்குப் பிறகு திங்கள்தான் பார்த்தோம், தண்ணீர் கிடக்கிறது என்றால் 'மூன்று நாள் சேர்த்து 42'. இந்த 42ஐ மூன்றால் வகுத்து நாளுக்கு 14 என்று எழுதினால் அது திரும்பவும் பொய்தான், கணக்கு சரியாக வரும் பொய். பூச்சியம் என்பது ஒரு அளவீடு. வெறுமை அளவீடு இல்லை. இந்த வித்தியாசம் தரம் 7 பிள்ளைக்கு விளங்கினால் நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

நேரம் 8.30 ஆக இருக்கட்டும். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்குத்தான் கணக்குப் பார்க்கிறது. எங்கள் 8.30 உலக நேரப்படி அதிகாலை 3 மணி, உலகம் முழுதும் வானிலை நிலையங்கள் ஒன்றாகப் பார்க்கும் நேரங்களில் அதுவும் ஒன்று. உங்கள் பிள்ளை குனிந்து போத்தலைப் பார்க்கும் அதே நேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வானிலை நிலையத்திலும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதை அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் 8.30 பாடத்துக்கு நடுவில் விழும், அதிபரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 8.30க்குப் பார்க்கும் தண்ணீரில் அரைவாசிக்கு மேல் நேற்றுப் பெய்ததாக இருக்கும். அதை எந்தத் திகதியில் எழுதுவது? பிரித்தானியாவில் முதல் நாளுக்குத் தள்ளி எழுதும் வழக்கம், இந்தியாவில் பார்த்த நாளிலேயே எழுதுகிறார்கள். எது என்றாலும் பரவாயில்லை, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இடையில் மாற்றினால் எல்லாம் குழம்பும்.

சுன்னாகத்து வடலி:
ரீச்சர், குறை நினைக்க வேண்டாம். இந்தக் காலத்தில் ஏன் போத்தலும் அடிமட்டமும்? உணரி பொருத்திய ஒரு சின்னத் தானியங்கிக் கருவி வைத்தால் வெப்பநிலை, ஈரப்பதன், மழை எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தானே பதியும். விடுமுறை, ஞாயிறு, புயல் ஒன்றும் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் பொய் எழுதவும் வழியில்லை. நான் இந்த வேலைதான் செய்கிறேன், பொருட்செலவு மட்டும் தந்தால் இலவசமாகப் பொருத்தித் தருவேன்.

நாவற்கொப்பி:
ஐயா, 'பா.இ.' நாளைக்கே தொடங்குகிறேன். மிகவும் நன்றி.

வடலி தம்பி, நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் என் கவலை தரவு இல்லாமல் போவதைப் பற்றியது மட்டும் இல்லை. மழைமானியிடம் நடந்துபோகும் அந்த நாற்பது அடியில் பிள்ளை முகிலைப் பார்க்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று பூவரசைப் பார்க்கிறது, நிலம் நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. கருவி பதிந்தால் அந்த நடை போய்விடும். பொய் எழுத வழியில்லாதபடி செய்வதும் உண்மை எழுதப் பழக்குவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

பழைய புவியியல்:
தம்பியின் கருவியும் வரட்டும், பக்கத்தில் நிற்கட்டும். நான் பார்த்த அளவில் சின்னக் கரண்டி தண்ணீர் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தரத்தையும் எண்ணும் அந்த வகை மழைமானிகளுக்குள் சிலந்தி வலை கட்டும், புனலில் சருகு அடைக்கும், அடைமழையில் கரண்டி கவிழும் நேரத்துக்குள் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் குறைத்துக் காட்டும். கையால் அளந்ததும் கருவி சொன்னதும் ஏன் ஒன்றாக இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் அது ஒரு நல்ல பாடம். ஆனால் முதலில் கை.

முற்றத்து வேம்பு:
நான் ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். என் மகள் காலை ஐந்துக்கு எழும்புகிறாள், பாடசாலை முடிந்து ரியூசன், இரவு ஒன்பதுக்குத்தான் சாப்பிடுகிறாள். இதற்குள் போத்தலில் தண்ணீர் அளப்பது எந்தப் பரீட்சைக்கு வரும்? வானிலை வேண்டும் என்றால் கைபேசியில் ஒரு தட்டு. ரீச்சர்மாருக்கு இது ஒரு புது விருப்பமாக இருக்கலாம், சுமை பிள்ளைக்குத்தானே.

துலாக்கிணறு:
வேம்பு அக்கா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் இதை வீட்டுவேலையாக ஆக்காமல் பாடசாலை நேரத்துக்குள் ஐந்து நிமிடமாக வைத்திருப்பது நல்லது. ஆனால் கைபேசி சொல்வது உங்கள் வளவின் மழை இல்லை அக்கா.

நான் நீர்வேலிப் பக்கம் தோட்டக்காரன், வெங்காயமும் வாழையும். சித்திரையில் பின்னேரம் இடிமுழங்கி ஒரு மழை வருமே, அது கோப்பாயில் பெய்யும் எங்களுக்கு வராது, எங்களுக்குக் கொட்டும் புத்தூர் தூசி பறக்கும். கைபேசி மூன்று ஊருக்கும் ஒரே படத்தைக் காட்டும். எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. மழை விழுந்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்தால்தான் வருடம் முழுவதும் குடிக்கவும் இறைக்கவும் தண்ணீர். வருடத்துக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் அந்த மூன்று மாதத்தில். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஒரு மழை எவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் இருப்பது எனக்கு மனவருத்தமான விசயம்.

ரீச்சர், ஒரு கணக்கு சொல்கிறேன், பிள்ளைகளிடம் கேளுங்கள். 1 மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் விழுந்தால் சரியாக 1 லீற்றர். உங்கள் பாடசாலைக் கட்டிடக் கூரை 30 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம், 210 சதுர மீற்றர். ஒரு இரவில் 40 மில்லிமீற்றர் பெய்தால் 8400 லீற்றர் அந்தக் கூரையில் மட்டும். அது எங்கே போனது என்று கேளுங்கள். றோட்டில் ஓடிக் கடலுக்குப் போனதா, வளவுக்குள் இறங்கினதா? எனக்கு இந்தக் கணக்கை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை, நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு விவசாயக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

முடியும் என்றால் கொப்பியில் கிணற்று நீர்மட்டத்துக்கும் ஒரு பத்தி போடுங்கள். வாரம் ஒருதரம், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், முடிச்சுப் போட்ட கயிற்றில் பாரம் கட்டி இறக்கி, கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை சென்ரிமீற்றர் கீழே என்று எழுதினால் போதும். கட்டு உள்ள கிணறாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று. இதில் மட்டும் இளக்கம் வேண்டாம். மழை பெய்து எத்தனை நாளில் கிணறு ஏறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

முற்றத்து வேம்பு:
அந்த 8400 லீற்றர் கணக்கை இரவு மகளிடம் கேட்டேன். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கூரைக்கும் செய்துவிட்டுத்தான் படுத்தாள். சரி, ஐந்து நிமிடம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. இடிமின்னலில் மட்டும் வெளியே விட வேண்டாம்.

நாவற்கொப்பி:
கட்டாயம் அக்கா. இடிச் சத்தம் கேட்டால் யாரும் வெளியே போவதில்லை, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் போகலாம் என்று வைத்திருக்கிறோம். அந்த நேரம் வகுப்புக்குள் இருந்தபடி மின்னலுக்கும் இடிக்கும் இடையில் செக்கன் எண்ணுவோம். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். அதுவும் ஒரு பதிவுதான்.

இப்போது காற்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். திசைகாட்டியின் அம்பு வடகிழக்கைக் காட்டினால் பிள்ளைகள் 'காற்று வடகிழக்குக்குப் போகிறது' என்று எழுதுகிறார்கள். எத்தனைதரம் சொன்னாலும் இரண்டு நாளில் திரும்பவும் அதே பிழை.

கச்சான்காற்று:
ரீச்சர், பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். நான் குருநகரில் பிறந்து வளர்ந்தவன், அப்பா, அம்மப்பா எல்லோரும் கடல் தொழிலுக்குப் போனவர்கள். எங்களுக்குக் காற்று என்றால் அது எங்கே இருந்து வருகுது என்பதுதான். வாடை என்றால் வடக்கு, வடகிழக்கு. கொண்டல் கிழக்கு. சோளகம் தெற்கு, தென்மேற்கு. கச்சான் மேற்கு. வாடை 'போகிறது' என்று யாரும் சொல்வதில்லை, வாடை விழுந்தது, சோளகம் பிறந்தது என்றுதான் சொல்லுவோம். பிள்ளை வீட்டில் கேட்ட சொல்லோடு தொடங்கினால் குழப்பம் வராது. கச்சான் என்றதும் வறுத்த கச்சானை, நிலக்கடலையை, நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அப்படித்தான் மறக்காது.

அப்புறம் இன்னொரு வழி, திசைகாட்டியைப் பார்க்க முதல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது? இரண்டு காதிலும் ஒரே அளவாக இரையும்வரை தலையைத் திருப்பினால் முகம் நேரே காற்று வரும் பக்கம் நிற்கும். என் அப்பா இருட்டில் வள்ளத்தில் இருந்து இப்படித்தான் பார்ப்பார்.

வேகத்துக்குக் கருவி வேண்டாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம் அடிக்கும்போது பனை ஓலை போடும் சத்தத்தை வைத்தே எங்கள் வீட்டுக் கிழவர்கள் 'இண்டைக்கு நெடுந்தீவுப் பக்கம் போகேலாது' என்று சொல்லிவிடுவார்கள்.

பழைய புவியியல்:
இது மிக நல்ல யோசனை. 1805இல் போபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 0 தொடங்கி 12 வரை காற்றைத் தரம் பிரித்ததும் இதே வேலைதான், காற்று என்ன செய்கிறது என்று பார்த்து எண் கொடுப்பது. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து எங்கள் ஊருக்கு எழுதச் சொல்லுங்கள். 0 என்றால் அடுப்புப் புகை நேரே மேலே போகும். 2, முகத்தில் காற்றுத் தெரியும், வேப்பிலை சலசலக்கும், மணிக்கு 6 தொடங்கி 11 கிலோமீற்றர். 3, இலையும் சின்னக் கொப்பும் ஓயாமல் ஆடும். 4, ஒழுங்கையில் புழுதியும் கடதாசியும் எழும்பும், 20 தொடங்கி 28. அதற்கு மேல் பனையை எப்படி வாசிப்பது என்பதை அவர்களே பார்த்து எழுதட்டும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுபவர்களைக் கேட்டால் வாடையைப் பற்றி ஒரு பாடமே எடுப்பார்கள்.

சுன்னாகத்து வடலி:
நான் சனிக்கிழமை ரீச்சரின் பாடசாலைக்குப் போய்வந்தேன். கருவி பொருத்தப் போனவன் போத்தலைத் திருத்திவிட்டு வந்தேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சோடாப் போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும், அங்கிருந்து அளந்தால் சின்ன மழை எல்லாம் பிழை. ஒரு பிடி சீமெந்து கரைத்து ஊற்றி மட்டமாக இறுகவிட்டோம். இடுப்பு ஒடுங்கிய போத்தல் கூடாது, நேர்ச்சுவர் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக வைத்தால் அது புனல். புனலின் வாயும் போத்தலும் ஒரே அகலம் என்றால் அடிமட்டம் காட்டுவதே மழை. வாய் அகலம் 10 சென்ரிமீற்றர், தண்ணீர் சேரும் குழாய் 5 சென்ரிமீற்றர் என்றால் தண்ணீர் நான்கு மடங்கு உயரமாக நிற்கும், நான்கால் வகுக்க வேண்டும். சின்ன மழையை நுணுக்கமாக அளக்க அது நல்ல வழி. அப்புறம் கடையில் விற்கும் அடிமட்டம் பலவற்றில் பூச்சியக் கோடு விளிம்பில் இல்லை, மூன்று நான்கு மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறது. பிள்ளைகளின் பழைய கொப்பியில் உண்மையாக எழுதின நாட்களும் இதனால் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

மானி மாமரத்துக்குக் கீழே இருந்தது, வெட்டைக்கு மாற்றினோம். பக்கத்தில் உள்ள மரமோ மதிலோ எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் நல்லது. பெரிய மழை நாளில் இந்தப் போத்தல் நிரம்பி வழிந்துவிடும், ஆகவே கனமழை என்றால் இடையிலும் ஒருதரம் அளந்து ஊற்றிவிட்டு, 8.30 கணக்கோடு கூட்ட வேண்டும். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள், அந்த மழைக்கு இப்படி ஒரு போத்தல் காணவே காணாது.

வெப்பமானியையும் சோதித்தோம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி உள்ளே வைத்தால் 0 காட்ட வேண்டும். எங்களது 1.5 காட்டியது. பிள்ளைகள் வாங்கின காசை நினைத்துக் கவலைப்பட்டார்கள். கவலை வேண்டாம், பிழை எவ்வளவு என்று தெரிந்த கருவி நல்ல கருவி, கழித்து எழுதலாம் என்றேன். ஆனால் 30 பாகையிலும் அதே பிழைதானா என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் எதிர்பார்க்காத கேள்வி. அடுத்த முறை நம்பகமான இன்னொரு வெப்பமானியோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் சேர்த்து வைத்துப் பார்க்கப் போகிறோம்.

பழைய புவியியல்:
அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்து.

வெப்பமானியைச் சுவரில் மாட்ட வேண்டாம், சுவரின் சூட்டைத்தான் அது சொல்லும். வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்ந்த பலகை இடைவெளி விட்ட மரப்பெட்டி ஒன்று செய்து பிள்ளையின் கண் உயரத்தில் நிறுத்துங்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று அதற்குப் பெயர், 1860களில் தோமஸ் ஸ்டீவன்சன் என்ற வெளிச்சவீட்டுப் பொறியியலாளர் அமைத்தது. கதவை வடக்குப் பக்கம் வைக்க வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே படக்கூடாது என்பதற்காக. ஆனால் நாங்கள் வடக்கு அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். அந்த நான்கு மாதமும் வெயில் வடக்குக் கதவாலேயே உள்ளே வரும், எங்களுக்குக் காண்டாவன வெயிலும் அதற்குள்தான். அந்த மாதங்களில் தெற்கிலும் திறக்கக்கூடியதாக இரண்டு கதவு வைத்தால் உத்தமம், இல்லை என்றால் ஒரு பிள்ளை குடை பிடித்து நிழல் கொடுக்கட்டும்.

சித்திரைப் புத்தாண்டு நாளை ஒட்டி மத்தியானம் 12.10 அளவில் முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் தடிக்குள்ளேயே போய்விடும்.

துலாக்கிணறு:
ஈரப்பதன் பார்க்க ஈரத்துணி சுற்றும் வெப்பமானி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு, கேத்தலில் படிவது மாதிரித் துணியில் படிந்து இறுகிவிடும், பிறகு துணி தண்ணீரை இழுக்காது. மழைத் தண்ணீர் பிடித்துப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான்காற்று:
இடையில் ஒன்று கேட்கிறேன். தும்பி தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை, அந்தியில் ஈசல் வந்தால் அடைமழை என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. இதெல்லாம் கொப்பியில் எழுதலாமா, அல்லது மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதா?

நாவற்கொப்பி:
எழுதத்தான் வேண்டும் அண்ணா. நேற்று இதை வகுப்பில் எடுத்தேன். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டோம். தும்பி தாழப் பறந்தது, அடுத்த நாள் மழை வந்தது. பறந்தது, மழை வரவில்லை. பறக்கவில்லை, மழை வந்தது. பறக்கவில்லை, மழையும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட வேண்டும். எங்கள் மனம் முதலாவது கட்டத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும், மற்ற மூன்றும் கொப்பியில் மட்டும்தான் இருக்கும். ஆச்சி சொன்னது சரி என்றால் கொப்பி காட்டும். எங்கள் ஊரில் எவ்வளவு சரி என்று காட்டினால் அது ஆச்சிக்கும் மரியாதைதான்.

ஐயா பழைய கொப்பிகளை எறிய வேண்டாம் என்றதன் காரணம் இப்போது விளங்குகிறது. அந்த 30, 31 பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மையானது, எப்படித் தெரியும் என்று பெயர் சொல்லாமல் கேட்டேன். 28.5, 31, 26, பா.இ., 30.5 என்று கிடந்த பக்கத்தை எல்லோரும் உடனே காட்டினார்கள். 'அதில் பா.இ. இருக்கு ரீச்சர், பொய்யெண்டால் அதையும் நிரப்பியிருப்பினம்' என்றான் ஒருவன்.

தொறன்ரோவில் ஒருத்தி:
யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபது வருடம், இந்த இழையை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். விடுமுறைக் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் கொலராடோவில் போர்ட் கொலின்ஸ் என்ற நகரத்தில் ஒரு வெள்ளம் வந்தது. நகரத்தின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்தது, சில கிலோமீற்றர் தள்ளி மிகக் குறைவு, இருந்த நிலையங்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருடமே வீட்டு முற்றங்களில் மழைமானி வைக்கும் பொதுமக்களைச் சேர்த்து கோகோராஸ் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள், இப்போது கனடாவிலும் இருக்கிறது. நானும் என் பின் வளவில் பார்த்து அனுப்புகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, மழை இல்லாத நாளில் பூச்சியத்தையும் அனுப்புங்கள் என்பதைத்தான். இங்கே ஐயா சொன்ன அதே கதை.

ஆகவே பாடசாலை மழைமானியை மட்டும் நம்பாமல் வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். முப்பது பிள்ளைகளும் வேண்டாம், விருப்பமான ஐந்து பேர், ஐந்து ஒழுங்கையில்.

நாவற்கொப்பி:
ஐப்பசி பிறந்துவிட்டது. ஐந்து வீட்டுக்கு ஐந்து போத்தல், சீமெந்து போட்டு, ஒரே அடிமட்டத்தால் குறி வைத்து வடலித் தம்பி செய்து தந்திருக்கிறார். பாடசாலைக்கு முன்வீட்டு அம்மம்மா பாடசாலை மானியைத் தான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறா. 1964 மார்கழிப் புயல், தனுஷ்கோடியை அழித்ததே அதே புயல் எங்கள் வடபகுதியைக் கடந்து போன இரவில் அவவுக்குப் பன்னிரண்டு வயதாம். 'அண்டைக்கு எவ்வளவு மழையெண்டு எங்கட வீட்டிலை ஆருக்கும் தெரியாது பிள்ளை, இந்த முறை நான் எழுதிறன்' என்றா.

நாவற்கொப்பி:
விடுமுறை முடிந்து இன்று பாடசாலை. யாரும் கேட்காவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மம்மாவின் கொப்பியில் ஒரு நாள்கூட விடுபடவில்லை, மூன்று நாள் மட்டும் 'பூனை தட்டிவிட்டது, பா.இ.' என்று இருக்கிறது. ஐந்து வீட்டில் ஒன்று இடையில் நின்றுவிட்டது, போத்தலைப் பந்து அடித்து உடைத்துவிட்டார்களாம். மற்ற நான்கும் வந்தன. ஒரே இரவு மழைக்கு ஒரு வீட்டில் 61, முக்கால் கிலோமீற்றர் தள்ளி இன்னொரு வீட்டில் 38. இரண்டு பிள்ளைகளும் யார் பிழை என்று காலையிலிருந்து சண்டை. இரண்டு போத்தலையும் கொண்டுவரச் சொல்லி ஒன்றாக வெட்டையில் வைத்திருக்கிறேன், அடுத்த மழைக்குச் சேர்த்துப் பார்ப்போம். கிணறு மழைக்கு முன் இருந்ததைவிட 140 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. தும்பிக் கட்டங்களில் இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது, நாட்கள் போதாது.

ஒரு பிள்ளையின் கொப்பியில் டிசம்பர் 24 தொடங்கி 27 வரை நான்கு நாளுக்கும் சேர்த்து ஒரே வரி: 'பா.இ. சாவகச்சேரி மாமி வீட்டில் நின்றோம். அங்கே மழை, ஆனால் மானி இல்லை.' அந்தப் பக்கத்துக்கு முழுப் புள்ளி போட்டேன்.

சுன்னாகத்து வடலி:
ரீச்சர், சாவகச்சேரி மாமியின் விலாசத்தை எனக்குத் தனியே அனுப்புங்கள். என்னிடம் இன்னும் இரண்டு போத்தல் இருக்கிறது.